கடல் பார்க்கப் போன நாள்



இந்த வருடம் மாசி மாதம், வலிகாமத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தின் மாதர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் ஒன்று நடந்தது. பதினேழு பெண்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்கள். அன்று நாங்கள் செய்தது 24 மணி நேர அட்டவணை. பெரிய கடதாசியில் காலை நான்கு மணியில் இருந்து இரவு வரை கோடு போட்டு, ஒவ்வொரு மணித்தியாலமும் என்ன செய்கிறோம் என்று நிறப் பேனையால் குறிக்க வேண்டும். சமையலுக்குச் சிவப்பு, கூலி வேலைக்கு நீலம், பிள்ளைகளுக்குப் பச்சை, ஓய்வுக்கு மஞ்சள். கூட்டம் முடியும்போது மஞ்சள் பேனை திறக்கப்படாமல் அப்படியே கிடந்தது.

வழக்கம் போல நான் பேசத் தொடங்கினேன். ஓய்வு உடம்புக்கும் மனதுக்கும் தேவை, குடும்பத்துக்குள் ஒருவரோடு ஒருவர் கதைக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா கையை உயர்த்தினார்.

"பிள்ளை, நான் ஒண்டு கேட்கட்டோ? கோவிக்கக் கூடாது. நீங்கள் உங்கட மனுசனோட எப்பவாவது சும்மா ஒரு கடற்கரைக்குப் போய் இருந்திட்டு வந்தனீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்ல முடியவில்லை. திருமணமாகிப் பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. கடல் சூழ்ந்த ஊரில் இருக்கிறோம். செத்தவீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒன்றாகப் போயிருக்கிறோம். சும்மா இருப்பதற்கென்று இருவரும் எங்கேயும் போனதில்லை. அன்று என்னுடைய நாளை அந்தக் கடதாசியில் போட்டிருந்தால் அதிலும் மஞ்சள் இருந்திருக்காது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஆர்லி ஹொக்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைப் பற்றிப் படித்தோம். வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது வேலை நேரம் ஒன்று காத்திருக்கிறது என்று 1989இல் வெளிவந்த தன் நூலில் அவர் எழுதினார். பரீட்சையில் அதை நன்றாக எழுதிப் புள்ளி எடுத்தவள் நான். வீட்டில் அதே இரண்டாவது வேலையைக் கேள்வி கேட்காமல் செய்துகொண்டும் இருந்தேன்.

ஆனால் நாங்கள் கடற்கரைக்குப் போகாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. என் கணவர் முல்லைத்தீவைச் சேர்ந்தவர். 2009இல் கடைசி மாதங்களைக் கடற்கரை மணலில் கழித்தவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. கடற்கரைக்குப் போவோமா என்று யாராவது கேட்டால், "அங்க என்ன கிடக்கு" என்று கதையை மாற்றிவிடுவார். அவருடைய தங்கச்சி அந்த நாட்களில் இறந்துபோனா என்று எனக்குத் தெரியும். எப்படி என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் துயரத்தைக் கேட்கும் எனக்கு, என் வீட்டில் அதைக் கேட்கத் துணிவு வரவில்லை.

அந்த அம்மாவின் கேள்வியை அன்றிரவு அவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். சிறிது நேரம் கழித்து, "சித்திரை விடுமுறைக்கு உம்மட பெரியம்மா வீட்டை போய் இரண்டு நாள் நிண்டிட்டு வருவம்" என்றார். என் பெரியம்மா வீடு வேலணையில் இருக்கிறது. தீவுக்குப் போனால் கடல் வரும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

போன இரண்டாம் நாள் காலை, மகளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். படலையடியில் நின்ற அயல் வீட்டு அக்கா, "பிள்ளையை விட்டிட்டு இரண்டு பேரும் எங்க உலாத்தப் போறியள்?" என்று கேட்டா. எனக்கு முகம் சுருங்கியது. ஏதோ களவு செய்யப் போவது போல ஒரு கூச்சம். பெரியம்மாதான், "உலாத்தத்தான் போகினம். போட்டு வரட்டும்" என்று பதில் சொன்னா. கட்டுச்சோறும் அவித்த முட்டையும் பொரித்த மோர் மிளகாயும் தந்து அனுப்பினா.

முதலில் சாட்டிக் கடற்கரை. தீவுப் பகுதியில் நல்ல தண்ணீர் கிடைப்பது கடினம். சாட்டியில் மணலுக்குக் கீழே நன்னீர் இருக்கிறது. மாரி மழை மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதந்து நிற்கும். அளவோடு அள்ளினால் இனிக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். சாட்டித் தண்ணீர் பவுசர்களில் மற்ற இடங்களுக்கும் போவதுண்டு. அந்தக் காலத்தில் தலையில் குடம் வைத்து நடந்த கதையைப் பெரியம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா.

மோட்டார் சைக்கிளை மர நிழலில் விட்டதும் அவர், "நீர் போம். நான் இதில நிக்கிறன்" என்றார். வாருங்கோ என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. அது எனக்கு இலகுவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மனதில் சின்னக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் இப்படியா என்று நினைத்தேன். தனியாக நடந்தேன்.

கரையில் இரண்டு பெண்கள் நண்டு வலை தெரிந்துகொண்டு இருந்தார்கள். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் எடுக்க வேண்டும், முறிந்தால் விலை குறையும் என்றார்கள். விடியப்புறம் தொடங்கிய வேலையாம். "நீங்கள் கடல் பார்க்க வந்தனீங்களோ? நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறம்" என்று ஒருத்தி சொன்னா. கடற்கரை எல்லோருக்கும் ஓய்வு தரும் இடமாக இருப்பதில்லை என்பதை அந்தச் சொல் எனக்கு நினைவுபடுத்தியது. அவர்களுடைய 24 மணி நேர அட்டவணையில் கடல் நீல நிறத்துக்குள் இருக்கும்.

திரும்பி வந்தபோது அவர் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். இருவரும் மரவேரில் இருந்து குடித்தோம். மணலில் இருப்பதைவிட வேரில் இருப்பது அவருக்கு வசதி என்று கண்டுகொண்டேன்.

அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் போனோம். அவசரம் இல்லாத பயணம். நினைத்த இடத்தில் நின்றோம். தென்னந்தோட்டம் ஒன்றின் வேலியோரம், கூரை இல்லாத கல்வீடு ஒன்றின் முன்னால், இப்படி. தீவுப் பகுதியில் ஆள் இல்லாத வீடுகள் இன்னும் அதிகம். 1990, 1991 இடப்பெயர்வுகளில் போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் தேசிக்காய் மரம் காய்த்துக் கொட்டிக் கிடந்தது. "இது எங்கட வீடாயிருந்தா இப்ப ஊறுகாய் போட்டிருப்பம்" என்றேன். அவர், "எங்கட வீட்டிலயும் ஒரு மரம் நிண்டது" என்றார். முல்லைத்தீவு வீட்டைப் பற்றி அவர் தானாகச் சொன்ன ஒரு வசனம் அது. நான் குறுக்கே எதுவும் பேசவில்லை.

ஊர்காவற்றுறைத் துறையடியில் சூடான றோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். எதிரே கடலுக்கு நடுவில் கடற்கோட்டை தெரிந்தது. போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்கள் குடிதண்ணீர் இல்லாமல் சரணடைந்தார்கள் என்பது வரலாறு. நாலு பக்கமும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். இலங்கையின் உருவம் அவர்களுக்குப் பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். அதன் குதிக்கால் இந்த இடம் என்று அந்தப் பெயர். பிறகு அது சிறையாகவும் இருந்தது. இப்போது கடற்படை நடத்தும் விடுதி அங்கே இருக்கிறது. அவர் வரலாறு விரும்பிப் படிப்பவர். இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு இருந்தார். பத்து நிமிடம் தொடர்ந்து அவர் கதைத்து நான் கேட்டது எப்போது என்று யோசித்தேன். வீட்டில் எங்கள் கதை முழுவதும் கரண்ட் பில், மகளின் ரியூசன், அரிசி முடிந்தது என்பதோடு நின்றுவிடும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஒரு பாதை ஓடுகிறது. மோட்டார் சைக்கிளோடு அதில் ஏறினோம். சிறிய தூரம்தான். தண்ணீர் அருகில் வந்தபோது அவர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவ்வளவுதான்.

மதியத்துக்குள் கசூரினாக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கரை நீளத்துக்கு நிற்கும் சவுக்கு மரங்களால் வந்த பெயர் அது. வார நாள் என்றபடியால் கூட்டம் குறைவு. கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டோம். பிறகு நான் செய்தது, என் வாழ்க்கையில் பட்டப்பகலில் வீட்டுக்கு வெளியே ஒருபோதும் செய்யாத வேலை. சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு மரநிழலில் நித்திரை கொண்டேன். ஒரு மணித்தியாலம். எழும்பியபோது அவர் பக்கத்தில் இருந்து காற்றுக்குப் பறக்காமல் என் செருப்பைப் பாயின் நுனியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

கசூரினாக் கடல் அமைதியானது. அதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கும் இந்தியாவுக்கும் இடையில் இருக்கும் இந்தக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய சமுத்திரத்தின் அலை இங்கே வந்து சேருவதற்கு முன் அடங்கிவிடும். கரையில் இருந்து நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராத இடங்கள் உண்டு. முல்லைத்தீவுக் கடல் அப்படி இல்லை. வங்காள விரிகுடாவின் அலை நேரே வந்து கரையில் அறையும். அதனால்தானோ என்னவோ, வெயில் சரிந்த நேரத்தில் அவர் காற்சட்டையை மடித்துவிட்டு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கினார். "இது எங்கட கடல் மாதிரி இல்லை. குளம் மாதிரிக் கிடக்கு" என்றார். நானும் இறங்கினேன்.

சிறிது சிறிதாக நடந்து போனோம். முழங்கால், தொடை, பிறகு இடுப்பு. அந்த இடத்தில் அவர் நின்றார்.

"இவ்வளவு தண்ணிக்குள்ளதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனனான்."

2009 பங்குனி. காயப்பட்டவர்களை ஏற்றச் செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் புதுமாத்தளன் கரைக்கு அப்பால் வந்து நிற்கும் நாட்கள் அவை. கப்பல் கரைக்கு வராது. சின்ன வள்ளங்களில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். வயிற்றில் காயம் பட்ட தங்கச்சியைத் தோளில் போட்டு, அலைக்குள் இறங்கி, வள்ளத்தில் படுத்தியது இவர்தான். துணைக்கு ஒருவருக்குத்தான் இடம். அம்மா ஏறினா. தங்கச்சிக்கு வயது பதினைந்து. "அண்ணா, உடுப்பு நனைஞ்சு போச்சு" என்று சொன்னாவாம். அதுதான் கடைசி வார்த்தை. ஆஸ்பத்திரியில் அவ இறந்துவிட்ட செய்தி, முகாமில் மாதக்கணக்குக்குப் பிறகுதான் இவருக்குக் கிடைத்தது.

இவ்வளவையும் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. பயிற்சிப் பட்டறைகளில் படித்த எந்த வசனமும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அவருடைய கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். சிறிது நேரத்தின் பின், "உமக்கும் உடுப்பு நனைஞ்சு போச்சு" என்றார். திரும்பிக் கரைக்கு நடந்தோம். இருவரும் ஈர உடுப்போடு மணலில் இருந்தோம். ஆம், மணலில்தான்.

பாதை நிற்பதற்கு முன் ஊர்காவற்றுறைக்கு வந்து, இருட்டும்போது பெரியம்மா வீட்டை அடைந்தோம். மகள், "எனக்கு என்ன கொண்டுவந்தனீங்கள்?" என்று கேட்டாள். இவர் சட்டைப் பையில் இருந்து நாலு சிப்பியை எடுத்துக் கொடுத்தார். எப்போது பொறுக்கினார் என்று எனக்குத் தெரியாது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை. அடுத்த கிழமை முழுவதும் வழமையை விடக் குறைவாகவே கதைத்தார். ஆனால் அந்தக் கதையை இனி அவர் தனியே சுமக்கத் தேவையில்லை. தங்கச்சியின் பெயரை இப்போது வீட்டில் சொல்கிறோம். மகளுக்குத் தன் மாமியைப் பற்றித் தெரியும். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "பேர் போடாதையும். மற்றது எழுதும். ஆருக்கும் உதவினா நல்லது" என்றார்.

சகோதரிகளே, இதில் இருந்து நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். மனதில் கிடப்பதை வெளியே எடுக்கக் கேள்வி கேட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேலை இல்லாத ஒரு நாள் இருந்தது. அவசரம் இல்லை. நிற்க விரும்பினால் நிற்கலாம், திரும்ப விரும்பினால் திரும்பலாம். அந்த இடைவெளிக்குள் கதை தானாக வந்தது. சாட்டியில் அவரைக் கையைப் பிடித்து இழுத்திருந்தால் கசூரினா வந்திருக்காது என்று நம்புகிறேன்.

உங்கள் வீட்டிலும் கடலைக் கண்டால் ஒதுங்குபவர் இருக்கலாம். நீங்களே அப்படி இருக்கலாம். அப்படியானால் முதலில் அமைதியான கடலைத் தேடுங்கள். தூரத்தில் இருந்து பார்ப்பதும் போதும். நெஞ்சு படபடத்தால், மூச்சு முட்டினால் உடனே திரும்பி வரலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து நித்திரையையும் வேலையையும் கெடுத்தால், அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது போலத்தான் அதுவும்.

பயணத்துக்குச் சில சின்ன விசயங்கள். சனி, ஞாயிறை விட வார நாள் நல்லது. கூட்டமும் குறைவு, குடித்துவிட்டுச் சத்தம் போடுபவர்களும் குறைவு. மலசலகூடம், உடை மாற்றும் இடம் எங்கே என்று போனவுடன் கேட்டு வையுங்கள். மாற்று உடுப்பும் குடிதண்ணீரும் கொண்டு போங்கள். அமைதியான கடல் என்றாலும் இடுப்பளவுக்கு மேல் இறங்க வேண்டாம். சொறி மிதந்தால் தண்ணீருக்குள் போக வேண்டாம். செலவு என்று பார்த்தால் எங்களுக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் றோல்சும்தான்.

இதை எழுதும்போது ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கணவரோடு கடற்கரைக்குப் போன கதையை, கணவனை இழந்த, இன்னும் தேடிக்கொண்டு இருக்கிற சகோதரிகள் வாசிக்கும் பத்திரிகையில் எழுதலாமா? ஆகவே முதலில் அந்த மாதர் சங்கத்துக்கே போய் என் கதையைச் சொன்னேன். கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லி முடிந்ததும் அவர் சொன்னது இதுதான்: "மனுசன் இல்லாததால கடல் எங்களுக்கு இல்லையெண்டு ஆர் சொன்னது? கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை, அவ்வளவுதான்."

அன்றே கதை தொடங்கியது. ஒரு சிறிய பஸ் பிடித்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்தார்கள். சீட்டுக் காசோடு சேர்த்து மாதம் கொஞ்சம் போடுவதென்று முடிவாகியது. ஊர் என்ன சொல்லும் என்று ஒருவர் இழுத்தார். "கோயிலுக்குப் போறம் எண்டு சொல்லுவம்" என்றார் இன்னொருவர். "ஏன் பொய்? உலாத்தப் போறம் எண்டே சொல்லுவம்" என்று இளம்பெண் ஒருத்தி சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஆவணி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. அடுப்படிப் பொறுப்பும் பிரித்தாயிற்று. கட்டுச்சோறு நாலு வீட்டில், சம்பல் இரண்டு வீட்டில்.

ஒரு அக்கா மட்டும் பேசாமல் இருந்தா. 2004 மார்கழி 26இல் கடலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவ. கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும்போது என்னிடம் வந்து, "நானும் வாறன். ஆனா பஸ்சுக்குள்ளதான் இருப்பன்" என்றா.

"இருங்கோ அக்கா. நானும் உங்களோட பஸ்சுக்குள்ள இருக்கிறன்" என்றேன்.

போய்வந்து எழுதுகிறேன். உங்கள் 24 மணி நேரத்தில் மஞ்சள் நிறம் எங்கே இருக்கிறது என்று நீங்களும் ஒருமுறை பார்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.